டிராய் உத்தரவு இருக்கிறது. வழக்கை எங்கே போடுவது?

கேள்வி: பந்தலூர் தாலுகாவில், சேரம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் இருக்கிறோம். பஜாரில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ், யுபிஐ எல்லாமே செல்போன் நெட்டை நம்பித்தான். கரண்ட் போனால் எங்கள் டவரும் போய்விடுகிறது. மழைக்காலத்தில் ஒன்றரை நாள்கூட சிக்னல் இல்லாமல் இருந்திருக்கிறோம். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்தி, விடிந்த பிறகுதான் எங்களுக்கு வருகிறது. புகார் செய்தால் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வருகிறது, சிக்னல் வருவதில்லை. அம்மாவின் பட்டன் போனில் கேட்காத பாட்டுச் சேவைக்குப் பணம் பிடிக்கிறார்கள். 24 மணி நேரம் நெட்வொர்க் இல்லாவிட்டால் இழப்பீடு தரவேண்டும் என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவு போட்டிருப்பதாகப் படித்தேன். அதை நிறைவேற்றச் சொல்லி ஊட்டி கோர்ட்டில் வழக்குப் போடலாமா? ஒரு வக்கீல், போன் விவகாரத்தை நுகர்வோர் கோர்ட் எடுக்காது என்கிறார். இன்னொருவர் டெல்லிக்குத்தான் போகவேண்டும் என்கிறார்.
— ஒரு வாசகி, பந்தலூர்

பதில்: நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். டிராய் உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ‘இதை நிறைவேற்றுங்கள்’ என்று நீங்கள் எந்தக் குற்றவியல் நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. ஆனால் அதே உத்தரவை ஆதாரமாக வைத்து, ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் (நுகர்வோர் கோர்ட், நுகர்வோர் மன்றம் என்பதும் இதுதான்) உங்கள் பெயரிலேயே ஓர் உத்தரவு வாங்கலாம். உங்களைப் பொறுத்தவரை அந்தச் சின்ன உத்தரவுக்குத்தான் பலம் அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

டிராய் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அமைப்பு. நிறுவனங்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. மீறினால் அபராதம் என்று 29ஆம் பிரிவு சொல்கிறது: முதல் முறை ஒரு லட்சம் ரூபாய் வரை, மறுபடி மீறினால் இரண்டு லட்சம் வரை, மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு இரண்டு லட்சம் வரை. படித்ததும் நமக்குத் தெம்பு வருகிறது. ஆனால் 34ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்கவேண்டும். டிராய் தானே புகார் கொடுத்தால் ஒழிய, எந்த நீதிமன்றமும் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்கக்கூடாது என்கிறது அது. சாவி டிராயிடம் மட்டும்தான். தலைமை நீதித்துறை நடுவர் முன் நீங்கள் மனுப் போட்டால், முதல் நாளே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

டிராய்க்கே எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் தனி வாடிக்கையாளரின் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை டிராய்க்குச் சட்டத்தில் இல்லை. உங்கள் கடிதத்தை அதே நிறுவனத்துக்கு அனுப்பி வைப்பார்கள். அதனால் அதை நம்பி மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

டெல்லி என்று சொன்ன வக்கீலும் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. அவர் மனதில் இருப்பது டிடிசாட் என்ற தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. நிறுவனங்கள் தங்களுக்குள் போடும் சண்டை, அரசோடு போடும் சண்டை, டிராய் உத்தரவை எதிர்த்து வரும் மேல்முறையீடு எல்லாம் அங்கேதான். ‘நுகர்வோர் குழு’ ஒன்றுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தகராறையும் அங்கே கொண்டுபோகலாம். ஆனால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகக்கூடிய தனிநபர் புகார் அந்தத் தீர்ப்பாயத்தின் வரம்பில் வராது என்று 14ஆம் பிரிவே விலக்கு வைத்திருக்கிறது. தோட்டத்து லைனில் இருப்பவர்கள் ஒரு டவருக்காக டெல்லிவரை போய் வழக்காடவேண்டிய அவசியம் இல்லை.

நுகர்வோர் கோர்ட் எடுக்காது என்று சொன்னவர் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்துப் பேசுகிறார். பழைய தந்திச் சட்டத்தின் 7பி பிரிவில் நடுவர் முறை (ஆர்பிட்ரேஷன்) இருப்பதால், தொலைபேசித் தகராறு நுகர்வோர் மன்றத்துக்குப் போகக்கூடாது என்று அப்போது சொன்னார்கள். பல வருடம் கம்பெனி வக்கீல்கள் அந்த ஒரு தீர்ப்பைக் காட்டியே வழக்குகளை வாசலில் நிறுத்தினார்கள். 2022 பிப்ரவரி 16 அன்று நிலைமை மாறியது. மாதம் சராசரியாக ஐந்நூற்றுச் சொச்சம் பில் வந்துகொண்டிருந்த ஒரு வாடிக்கையாளருக்கு, ஒரே மாதத்தில் இருபத்து நாலாயிரத்துக்கு மேல் பில் போட்ட வழக்கு அது. 7பி பிரிவு இருந்தாலும் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடாது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ ‘சேவை’ என்ற விளக்கத்துக்குள் தொலைத்தொடர்பைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. யாராவது மறுபடி 2009ஐக் காட்டினால், 2022ஐக் காட்டுங்கள்.

சரி, இப்போது டிராய் விதி உங்களுக்கு எப்படி உதவும் என்று பார்ப்போம். ‘சேவைக் குறைபாடு’ என்றால் என்ன என்று 2019 சட்டத்தின் 2(11) பிரிவு சொல்கிறது. நடப்பில் உள்ள எந்தச் சட்டப்படியும், அந்தச் சட்டத்தின் கீழும் கடைப்பிடிக்கவேண்டிய தரத்தில் குறை இருந்தாலே அது குறைபாடு. டிராய் போடும் ஒழுங்குமுறைகளும் உத்தரவுகளும் டிராய் சட்டத்தின் கீழ் வருபவை. ஆக, ‘விதி இப்படிச் சொல்கிறது, கம்பெனி இப்படிச் செய்திருக்கிறது’ என்று நீங்கள் காட்டிவிட்டால் குறைபாட்டை நிரூபித்த மாதிரிதான். என் அனுபவத்தில் இந்த இணைப்பைத்தான் மனுக்களில் விட்டுவிடுகிறார்கள். ‘சிக்னல் சரியில்லை, மன உளைச்சல்’ என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, எந்த விதி மீறப்பட்டது என்று ஒரு வரிகூட எழுதாமல் கொடுக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் படித்த அந்த 24 மணி நேர விதி உங்கள் கதைக்கு அப்படியே பொருந்தாது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. 2024 ஆகஸ்டில் டிராய் கொண்டுவந்த சேவைத் தர ஒழுங்குமுறையில் அது இருக்கிறது. மாவட்ட அளவில் சேவை முடங்கி 24 மணி நேரத்தைத் தாண்டினால், போஸ்ட்பெய்டுக்கு வாடகையில் கழிவு, பிரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. ஒரே நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் ஒரு முழு நாள் கணக்கு. இயற்கைச் சீற்றத்தால் நின்றால் இது கிடையாது. நீலகிரி மாவட்டம் முழுக்க நெட்வொர்க் செத்தால்தான் இந்த விதிக்கு வேலை. சேரம்பாடியில் ஒரு டவர் படுத்துக்கிடப்பது அந்தக் கணக்கில் வராது. தர அளவுகோல்களும் பெரும்பாலும் ஒரு சேவை வட்டம் (கிட்டத்தட்ட ஒரு மாநில அளவிலான உரிமப் பகுதி) முழுமைக்குமான சராசரிதான். சமவெளியில் நன்றாக ஓடும் ஆயிரக்கணக்கான டவர்கள் உங்கள் ஊர் டவரின் குறையை அந்தச் சராசரியில் விழுங்கிவிடும். மலையில் இருப்பவர்களுக்கு இது அநியாயம். விதியை மாற்றச் சொல்லி டிராய்க்கு எழுதவேண்டிய விஷயம் இது. டிராய் ஆலோசனைத் தாள் வெளியிடும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். மலைப் பகுதிகளிலிருந்தும் அந்தக் கடிதங்கள் போகவேண்டும்.

அப்படியானால் உங்கள் வழக்கில் எதைப் பிடித்துக்கொள்வது? முதலில், அதே 2024 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்ற வரைபடத்தை இணையதளத்தில் போடவேண்டும். அந்தப் பக்கத்தைத் திறந்து உங்கள் ஊரைத் தேடுங்கள். பச்சையோ நீலமோ, சிக்னல் உண்டு என்று நிறம் அடித்திருந்தால், தேதி தெரியும்படி படம் பிடித்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உண்டு என்று சொல்லி விற்றுவிட்டு இல்லாமல் விட்டால், குறைபாட்டோடு நியாயமற்ற வணிக நடைமுறையும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது உங்கள் கடை மேசையிலேயே செய்யவேண்டிய வேலை. ஒரு நோட்டு போடுங்கள். கரண்ட் போன நேரம், சிக்னல் போன நேரம், கரண்ட் வந்த நேரம், சிக்னல் வந்த நேரம் என்று நாலே கட்டம். காலை 10.40க்கு கரண்ட் போகிறது, 11.15க்கு சிக்னல் போகிறது. மாலை 5 மணிக்கு கரண்ட் வருகிறது, 5.20க்கு சிக்னல் வருகிறது. இப்படி மழை நாளிலும் வெயில் நாளிலும் திரும்பத் திரும்ப அரை மணி நேரத்தில் டவர் நின்றால் என்ன அர்த்தம்? பேட்டரி செத்துவிட்டது, ஜெனரேட்டர் இல்லை அல்லது டீசல் ஊற்றுவதில்லை. ‘மலைப் பகுதி, மண்சரிவு, எங்கள் கையில் இல்லை’ என்று கம்பெனி பதில் மனுவில் கட்டாயம் எழுதும். அந்தப் பதிலை உடைக்க உங்கள் நோட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. ரோடு சரிந்து கேபிள் அறுந்த நாட்களையும் மறைக்காமல் அப்படியே குறியுங்கள். அந்த நேர்மையால்தான் மற்ற நாட்களின் கணக்கை ஆணையம் நம்பும். அதே டவரில் வேறு கம்பெனியும் ஓடுகிறதா என்று பக்கத்து வீட்டு போனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தால், குறை டவரின் மின்சாரத்தில்தான் என்பது இன்னும் உறுதி. வயநாட்டு டவரைப் பிடித்து உங்கள் போன் கேரள சிக்னல் காட்டும் நேரங்களையும் தனியே எழுதுங்கள். இல்லாவிட்டால், ‘சிக்னல் இருந்ததே’ என்று அதைக் காட்டியே வாதாடுவார்கள்.

கூடலூர், பந்தலூரில் இன்னொரு பதிலும் வரும். ஜன்ம நிலம் (பழைய ஜமீன் மாதிரியான உடைமை), 1969 ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும், உரிமைத் தகராறு தீராத நிலம், மின் இணைப்பே கிடைக்காது என்பார்கள். புது டவர் போடவேண்டும் என்று நீங்கள் கேட்டால் அந்தப் பேச்சுக்கு எடை உண்டு. நீங்கள் கேட்பது இருக்கிற டவரை, இருக்கிற மின் இணைப்போடு ஒழுங்காக ஓட்டு என்பதை மட்டும்தான். மனுவிலும் அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். சிக்னலே எட்டிப்பார்க்காத ஊர்களுக்கு இந்த வழி உதவாது. அங்கே, சேவை எட்டாத ஊர்களுக்காக அரசு வைத்திருக்கும் டிஜிட்டல் பாரத் நிதியில் டவர் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்பதில்தான் தொடங்கவேண்டும்.

புகார் செய்யும் முறைக்கும் டிராய் 2012லேயே விதி போட்டிருக்கிறது. 198க்குக் கூப்பிட்டால் காசு பிடிக்காது. ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் நம்பர் (புகார் எண்) கேட்டு வாங்குங்கள், எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். ‘தீர்க்கப்பட்டது’ என்று செய்தி வந்து, அன்றே டவர் படுத்துக்கிடந்தால், நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே டாக்கெட் நம்பரையும் எழுதுங்கள். அப்புறம் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதவேண்டும். கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இந்த மேல்முறையீடு கட்டாயம் இல்லை. இருந்தாலும் செய்துவிடுங்கள் என்றே சொல்வேன். அவர் பதில் சொல்லாவிட்டால் அதுவே இன்னொரு விதிமீறல். பதில் சொன்னால் கம்பெனியின் வாதம் என்ன என்பது முன்கூட்டியே உங்கள் கைக்கு வந்துவிடும்.

இனி ஊட்டி. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. சிம் வாங்கும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனையில் ‘மும்பை கோர்ட்டுக்கு மட்டுமே அதிகாரம்’ என்று இருக்கிறதே என்று பயப்படவேண்டாம், சட்டம் கொடுத்த அந்த உரிமை இதனால் பறிபோகாது. வழக்கின் மதிப்பு நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, நீங்கள் செலுத்திய தொகையை வைத்துத்தான். அது ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமே கிடையாது. உங்கள் ரீசார்ஜ் எல்லாம் கூட்டினாலும் சில ஆயிரம்தான் வரும். குறை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். காணொலியில் ஆஜராகக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தத் தேதிகளில் மட்டும் கூடலூருக்குப் போய் நல்ல நெட் இருக்கும் இடத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலை ஏறி ஊட்டி வரும் செலவு மிச்சம்.

எதிர் மனுதாரராக நிறுவனத்தின் பதிவு அலுவலகத்தையும் தமிழ்நாட்டு அலுவலகத்தையும் சேருங்கள். ரீசார்ஜ் கடைக்காரரையோ, டவர் காவலுக்கு இருக்கும் ஆளையோ இழுக்காதீர்கள். என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்: குறிப்பிட்ட வாரங்களுக்குள் கரண்ட் போனாலும் டவரை ஓட்டும் பேட்டரி, ஜெனரேட்டர் ஏற்பாட்டைச் சரிசெய்யவேண்டும், சேவை இல்லாத நாட்களுக்குப் பணம் திரும்ப வேண்டும், இழப்பீடும் வழக்குச் செலவும் வேண்டும். யானை நடமாட்டம் உள்ள ஊர், ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட வழியில்லை என்பதைச் சொல்லி, 38(8) பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். இதைக் கேட்க உங்கள் ஊருக்கு முழு நியாயம் இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். நீங்கள் கடை நடத்துகிறீர்கள். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார் என்று கம்பெனி முதல் ஆட்சேபம் எழுப்பும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஆகவே மனுவின் ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள்: சிம் என் பெயரில் இருக்கிறது, கடையை நானே நடத்துகிறேன், இதுதான் என் ஜீவனம். இதைச் சொல்லாமல் விட்டு, ‘தினமும் இத்தனை ஆயிரம் வியாபாரம் போச்சு’ என்று பெரிதாக எழுதினால் உங்கள் வாயாலேயே வழக்கைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

லைனில் இருக்கும் மற்ற குடும்பங்களும் சேரலாம். ஒரே குறை, ஒரே கோரிக்கை என்றால் 35ஆம் பிரிவின் கீழ் ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்காகவும் சிலர் மனுச் செய்யலாம். ஆனால் அனுமதி வாங்குவதிலேயே காலம் போகும். முதலில் நீங்கள் ஒருவர் போட்டு, டவரைச் சரிசெய்யும் உத்தரவு வாங்கிவிட்டால், அதன் பலன் தானாகவே லைன் முழுக்கக் கிடைக்கும். என் யோசனை அதுதான். வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. வைத்துக்கொள்ள விரும்பினால், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும்.

உத்தரவு வந்த பிறகும் கம்பெனி அசையவில்லை என்றால்? இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பலம். 71ஆம் பிரிவில் அதை சிவில் கோர்ட் தீர்ப்பு மாதிரியே நிறைவேற்றச் சொல்லலாம். 72ஆம் பிரிவில், கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த மனுவை நீங்களே போடலாம், டிராயின் தயவு தேவையில்லை.

உயர் நீதிமன்றம் கடைசியாக வைத்துக்கொள்ளவேண்டிய வழி. டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ உங்கள் மனுவைப் பார்க்காமலே கிடப்பில் போட்டால், பரிசீலிக்கச் சொல்லி அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவில் ரிட் போடலாம். நீலகிரிக்குச் சென்னை, கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளை. தனியார் கம்பெனிக்கு எதிராக மட்டும் ரிட் நிற்பது கடினம். எந்த டிராய் விதியைப் பிடித்தாலும் அது இன்று உயிரோடு இருக்கிறதா, தடை ஏதும் இல்லையா என்று பார்த்துவிட்டே மனு எழுதுங்கள். கால் டிராப் ஆனால் (பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்தால்) ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று ரூபாய்வரை என்று டிராய் போட்ட விதியை டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டும், 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. செத்துப்போன விதியைக் காட்டி வாதாடினால் நல்ல வழக்கும் வீணாகும்.

அம்மாவின் போன் விஷயத்தை இந்த மனுவோடு கலக்காதீர்கள். அது தனி வழக்கு, இன்னும் சுலபமானது. பாட்டு மாதிரி தனிக் காசு பிடிக்கும் மதிப்புக்கூட்டுச் சேவையைத் தொடங்க வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்கவேண்டும் என்று 2013 ஜூலையிலேயே டிராய் உத்தரவு இருக்கிறது. அந்தச் சம்மதத்தின் பதிவைக் காட்டவேண்டியது கம்பெனியின் வேலை. 155223க்குக் கூப்பிட்டு முதலில் சேவையை நிறுத்துங்கள், டாக்கெட் நம்பர் வாங்குங்கள். பிறகு பிரீபெய்டு எண்ணுக்கான விவரப் பட்டியல் கேட்டு அம்மா பெயரில் எழுதுங்கள். ஐம்பது ரூபாய்க்குள் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்தாகவேண்டும். கடந்த ஆறு மாதக் கணக்கு மட்டும்தான் கிடைக்கும், அதற்கு முந்தையதை அவர்கள் தரமாட்டார்கள். அதனால் டவர் வழக்கு காத்திருந்தாலும் பரவாயில்லை, இந்தக் கடிதம் இந்த வாரமே பதிவுத் தபாலில் போகட்டும்.